செக்கர் செல்லையா நான் இல்லை

அது நான் இல்ல, தம்பி.

பஸ் ஏறினதுல இருந்து பாக்கேன். நீரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கீரு, சிரிப்பு வந்ததும் ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிடுதீரு. கேக்கணும்னா கேட்டுர வேண்டியதுதான? ‘டிவியில வருவாரே செக்கர் செல்லையா, அது நீங்கதானே’ன்னு. எல்லாரும் கேக்கதுதான். நேத்துப் பொறந்த பிள்ளைக கூட போன்ல பழசைப் போட்டுப் பாத்துட்டு வந்து கேக்கு. அது நான் இல்ல. அவன் என் மச்சினன், தளவாய். என் பொண்டாட்டி கூடப் பொறந்த தம்பி. நான் ஆறுமுகநயினார். டிப்போல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். அவன் வேசம், நான் நெசம். ரெண்டும் ஒண்ணாயிருமா?

ஒரு நிமிசம். அந்த டிக்கெட்டைச் சட்டைப் பையில வைக்காதீரும். வேர்வையில மை அழிஞ்சு போவும். செக்கர் ஏறி இது எந்த ஊரு டிக்கெட்னு கேட்டா என்ன சொல்லுவீரு? ரெண்டு விரல் நடுவுல மடிச்சு வச்சுக்கிடும். அந்தா, அப்படித்தான்.

எதுக்குச் சிரிக்கீரு?

சரி, சிரியும். எனக்கு அலுத்துப் போச்சு. முன்னெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்ப யாரு சிரிச்சாலும் கேக்கது இல்ல.

அந்தக் காலத்துல டிவின்னா சர்க்கார் டிவி ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெருவே காலியா கெடக்கும். அப்பதான் இவன் வருவான். ஒரு பெரிய தகரப் பொட்டி. அதுக்குள்ள இருந்து கோமாளி வேசத்துல குதிப்பான், மூக்குல செவப்பு உருண்டை, ஒட்டுப் போட்ட காலுசட்டை. குதிச்சிட்டு, பொட்டிக்குள்ள கைய விட்டு எதையாவது எடுப்பான். குடைய எடுத்தா தெய்வானை டீச்சர் ஆயிருவான், பிள்ளைகளை வெளுத்துக்கிட்டே தமிழ் நடத்துவான். டார்ச் லைட்டை எடுத்தா வாச்மேன் துரைப்பாண்டி, நின்னுக்கிட்டே உறங்குவான். காக்கித் தொப்பிய எடுத்தாம்னா அவ்வளவுதான், எடுக்க முன்னயே சனம் சிரிக்க ஆரம்பிச்சிரும். செக்கர் செல்லையா.

செல்லையா பஸ்ல மட்டும் டிக்கெட் கேக்க மாட்டான். கோயில் வரிசையில கேப்பான், சலூன்ல கேப்பான். ஒரு வாரம் துட்டி வீட்டுக்குப் போயி, ‘போற இடத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா’ன்னு பொணத்துகிட்டயே கேட்டான். பொணத்துக்குக் கை நடுங்கும். அந்தக் கட்டத்துல இடது கைய இடுப்புல வச்சு, தொண்டைய ரெண்டு தரம் செருமிட்டு, டிக்கெட்டை வெளிச்சத்துல பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பாப்பான் பாரும். பாத்துட்டு, ‘அது அப்படி இல்ல, சொல்லுதேன் கேளும்’பான். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும்.

நான் ஒண்ணு கூடப் பாத்ததில்ல. ஆளுக சொல்லக் கேட்டதுதான்.

அது அப்படி இல்ல, சொல்லுதேன் கேளும். என்னைப் பாத்துத்தான் அவன் அதைச் செஞ்சாம்னு ஊருல பேச்சு. நான் எங்க அப்படிப் பேசுதேன்? நீரே சொல்லும், மூன்றடைப்பு தாண்டியாச்சு, இம்புட்டு நேரம் பேசியிருக்கேன், ஒரு தரமாவது அப்படிச் சொன்னேனா?

வருசா வருசம் பொங்கலுக்கு வருவான். கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கிடல, அவனுக்கு வீடுன்னா எங்க வீடுதான். அம்மை சாகும்போது அவனுக்கு ரெண்டு வயசு, என் பொண்டாட்டி உலகம்மாதான் இடுப்புல தூக்கி வளத்தா. என் முன்னால வாயே தொறக்க மாட்டான். நான் பேசுவேன், அவன் முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருப்பான். டிப்போ விசயம், எந்தப் பயல எப்படிப் பிடிச்சேன், எல்லாம் சொல்லுவேன். ‘அப்புறம் அத்தான்?’பான். அது ஒண்ணுதான் அவன் பேச்சு. பெரியவுக பேச்சைக் கேக்கத் தெரிஞ்ச பையன்னு நானும் சந்தோசப்பட்டேன். ஒரு வருசம் பொங்கல் முடிஞ்சு அவன் மெட்ராஸ் போனான். அடுத்த மாசம் செல்லையா டிவியில வந்துட்டான்.

என் உத்தியோகம் பயத்துல ஓடுத உத்தியோகம் தம்பி. செக்கர் ஏறினா கண்டக்டர் அவசரமா துட்டை எண்ணணும், டிக்கெட் எடுக்காத பய முன் படிக்கு நழுவணும். அதுக்குப் பெறவு நான் படியில கால வச்சாலே பின் சீட்டுல இருந்து ஒருத்தன் தொண்டைய ரெண்டு தரம் செருமுவான். பஸ் பூராவும் சிரிக்கும். ஒரு கெழவி என் கன்னத்தைத் தொட்டு, ‘செல்லையா, நீ நல்லா இருக்கணும்யா’ன்னா. அவகிட்ட டிக்கெட் இல்ல. நான் என்ன செய்ய? இறங்கிட்டேன்.

அதையும் பொறுத்தேன். என் மக கோமு கல்யாணத்துல செஞ்சதைத்தான் பொறுக்க முடியல.

சம்பந்தக்காரங்க சங்கரன்கோயில். டிவி நடிகன் பொண்ணுக்குத் தாய்மாமனாம், மண்டபத்துல கூட்டம் என்னைப் பாக்கவா வந்துச்சு? எவனோ மைக்கை அவன் கையில குடுத்துட்டான். என் தோள்ல கிடந்த துண்டை உருவித் தலையில கட்டிக்கிட்டான். நேரா மணவறைக்குப் போயி மாப்பிள்ளை முன்னால நின்னான். இடது கை இடுப்புல. ‘டிக்கெட் எங்க? இது போற வண்டி, பாதியில இறங்க முடியாது, பாத்துக்கிடும்’ன்னான். சம்பந்தி கண்ணுல தண்ணி வரச் சிரிக்காரு. ஐயரு மந்திரத்தை விட்டுட்டுச் சிரிக்காரு. அதைக் கூட விடும். மணவறையில உக்காந்திருந்த என் மக சிரிச்சா. என்னைப் பாத்துக்கிட்டே சிரிச்சா.

நான் சத்தம் போடல. பந்தி போட்டாங்க, அவன் உக்காந்தான், இலையில சோறு விழுந்தாச்சு. பக்கத்துல போயி ‘எந்திரி மாப்ள’ன்னேன். வெளையாட்டுன்னு நெனச்சு என்னைப் பாத்துச் சிரிச்சான். ‘எந்திரி. இனிமே என் வாசப்படி மிதிக்கப்பிடாது’ன்னேன். எந்திரிச்சான். கையக் கூடக் கழுவல, போயிட்டான். இதுல என்ன தப்பு? எவனா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பான்.

என் வீட்டுக்காரி அதுக்கு ஒரு வார்த்தை பேசல. அவளுக்கும் நியாயம் தெரியும்ல? பாவம், அந்தக் கல்யாணத்துல இருந்தே அவளுக்கு வயித்துக் கோளாறு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மொய்ய எழுதிட்டுத் திரும்பிருவா, பந்தியில உக்கார மாட்டா. பந்திச் சோறு ஒத்துக்கிடலைம்பா. பாளையங்கோட்டையில நல்ல டாக்டரா பாத்துக் காட்டுனேன், ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. டாக்டருகளுக்கு என்ன தெரியுது?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா பக்கத்து வீட்டுல உறைமோர் வாங்கப் போவா. மோர் வாங்க அம்புட்டு நேரமா? நானும் கேட்டதில்ல.

பெறவு டிவியும் நூறு வந்துட்டு, கோமாளிய யாரு கூப்பிடுதா? நிகழ்ச்சி நின்னு போச்சு. அவன் என்ன பண்ணுதான், எங்க இருக்கான், ஒண்ணும் தெரியாது. போன ஆடியில ஒரு போன் வந்துச்சு. மெட்ராஸ்ல ஒரு லாட்ஜ்ல வாதம் அடிச்சு விழுந்து கெடந்திருக்கான். ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க, சொந்தக்காரங்க யாராவது வாங்கன்னு. உலகு போனைக் கையில வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. நான் பைய எடுத்துக்கிட்டுப் புறப்பட்டேன். வேற யாரு போவா?

வண்டி பிடிச்சுக் கூட்டியாந்தேன். என் வாசப்படிய அவன் மிதிக்கல, நான்தான் தூக்கிட்டுப் போனேன். கனமே இல்ல. வலது கை விழுந்துட்டு. வாய் ஒரு பக்கமா இழுத்துட்டு. பேச்சு சுத்தமா இல்ல. நம்ம பேசுதது காதுல விழும், கண்ணு அசையும், அவ்வளவுதான். ஊரைச் சிரிக்க வச்ச மூஞ்சி, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரு மாதிரி கெடந்துச்சு.

பாளையங்கோட்டையில ஒரு சின்னப் பொண்ணு, பேச்சு வராதவங்களுக்குப் பயிற்சி குடுக்கு. அதைப் போயிப் பாத்தோம். ‘அவருக்கு நல்லாப் பழகின பேச்சு எதுவோ அதைத் தெனமும் பேசுங்க, பிடிச்சுக்கிட்டாலும் பிடிச்சுக்கிடுவாரு’ன்னு சொல்லிச்சு. உலகு விடல. தாலாட்டுப் பாடுனா. சின்ன வயசுல அவன் பண்ணின சேட்டையெல்லாம் சொன்னா. கோமு போன்ல பழைய நிகழ்ச்சியெல்லாம் அனுப்பி வச்சா. போனைக் கண்ணு முன்னால பிடிச்சா, பொட்டிக்குள்ள இருந்து கோமாளி குதிக்கான், சனம் சிரிக்கு, இவன் அது யாரோ எவனோன்னு பாத்துக்கிட்டு இருக்கான். அவ பக்கத்துல உக்காந்து, ‘எக்கான்னு சொல்லுய்யா, ஒரே ஒரு தரம் எக்கா சொல்லு’ன்னு கெஞ்சுவா. ஒண்ணும் வராது. எச்சில்தான் வடியும், முந்தானையால தொடச்சி விடுவா.

ஒரு நாள் காலையில கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டி விட்டுட்டான். புதுச் சேலை, உலகு மேல பூராவும் கஞ்சி. எனக்கு வந்துச்சே கோவம். இத்தனை வருசம் பேசாம வச்சிருந்தது எல்லாம் சேந்து வந்துட்டு. ‘ஏலே, உனக்கு அவ வேலைக்காரியால? ஒருத்தி ராப்பகலாப் பாக்கா, நீ மொறைக்கியோ? அது அப்படி இல்ல, சொல்லுதேன் கேளும்’னு ஆரம்பிச்சேன்.

கட்டில்ல இருந்து ஒரு சத்தம். ‘சொல்லுதேன் கேளும்.’

என் குரல், தம்பி. தொண்டைய ரெண்டு தரம் செருமிட்டு வேற சொல்லுதான். உலகு கஞ்சிச் சேலையோட எந்திரிச்சு, சாமி படத்துக்கு முன்னால விழுந்துட்டா.

அன்னையில இருந்து எனக்கு ஒரு வேலை வந்து சேந்துச்சு. காப்பி குடிச்சதும் அவன் முன்னால உக்காந்து திட்டணும். அந்தப் பயிற்சிப் பொண்ணும் அதையே செய்யுங்கன்னுட்டு. உத்தியோகத்துல கூட நான் இம்புட்டு ஒழுங்கா டூட்டி பாத்ததில்ல. முதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. கல்யாணத்துல செஞ்சதைச் சொல்லித் திட்டுனேன், டிப்போல என் மானம் போனதைச் சொல்லித் திட்டுனேன். எத்தனை நாளைக்கு அதையே திட்ட? திட்டுததுக்கும் சரக்கு வேண்டாமா? பஸ் சார்ஜை ஏத்தினவனைத் திட்டுனேன். தெருக்குழாய்ல தண்ணி வராததைத் திட்டுனேன். எதுத்த வீட்டுக்காரன் வேப்பமரத்தை வெட்டினதுக்கு என் மச்சினனைத் திட்டுனேன். அவன் என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பான். ஒவ்வொரு சொல்லாப் பிடிச்சான். ‘வேலை கெட்ட பய’ வந்துச்சு. ‘டிக்கெட்’ வந்துச்சு. ‘காப்பி ஆறிட்டு’ வந்துச்சு. எல்லாம் என் குரல்லதான். தொண்டை வத்திப் போயி நான் வெளிய வந்து உக்காருவேன், உள்ள நான் பேசுதது கேக்கும்.

அப்பதான் ஒரு நாள் மத்தியானம், உலகு அடுப்படியில இருந்தா. உள்ள இருந்து, ‘ஏளா உலகு, தண்ணி கொண்டா.’

கொண்டு வந்தா. எனக்குன்னு நெனச்சு என்கிட்ட நீட்டுனா. நான் வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். கேட்டது அவன். அவன்கிட்டப் போயி தண்ணியக் குடுத்தா, குடிச்சதும் வாயத் தொடச்சா, சொம்பைக் கீழ வச்சுட்டுக் கொல்லைக்குப் போயிட்டா. நெடுநேரம் கழிச்சுத்தான் வந்தா. கண்ணு செவந்து கெடக்கு.

‘பேச்சு வந்துட்டே, எதுக்கு அழுத?’ன்னேன்.

‘உங்க பேச்சு வந்துட்டு. எந் தம்பி பேச்சு எங்க?’ன்னா. ‘பெத்த பிள்ளை மாதிரி நான் வளத்தவன், உங்களை மாதிரியே என்னை ஏளாங்கான். எனக்கு அம்மையும் இல்ல அப்பனும் இல்ல. எக்கான்னு கூப்பிட அவன் ஒருத்தன்தான்.’

அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். ‘மாப்ள, அவ உனக்கு அக்கா. அக்கா சொல்லு’ன்னேன். ‘மாப்ள, அக்கா சொல்லு’ன்னு என்கிட்டயே திருப்பிச் சொல்லுதான். நான் அவளைக் கூப்பிடுதது எப்படியோ அப்படித்தான் அவனும் கூப்பிடுவான், வேற தெரியல. உலகுக்குத்தான் அந்த யோசனை வந்துச்சு. கேக்கவே கூசிப் போயி, சொவத்தைப் பாத்துக்கிட்டுக் கேட்டா. ‘நீங்க ஒரு தரம் எக்கான்னு கூப்பிட்டுப் பாருங்களேன். உங்களைப் பாத்து அவனும் சொல்லுவான்லா.’

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. தாலி கட்டின பொண்டாட்டிய அக்கான்னு கூப்பிடுததா? எவனாவது கேட்டாம்னா காறித் துப்ப மாட்டான்? பேரன் பேத்தி எடுத்த வயசுல இது என்ன கூத்து? மாட்டவே மாட்டேன்னுட்டேன். அவளும் மறுபடி கேக்கல. அவ எதையும் ரெண்டாந்தரம் கேக்கது கெடையாது. தண்ணி கேட்டாக் குடுப்பா, வாயத் தொடப்பா, கொல்லைக்குப் போவா.

இன்னைக்கு அந்தப் பயிற்சிப் பொண்ணைப் போயிப் பாத்துட்டுத்தான் வாரேன். அவன் சொந்தக் குரல் வருமா, இல்ல இப்படியே நின்னுருமான்னு கேட்டேன். ‘வரலாம், வராமலும் போகலாம் ஐயா’ன்னுட்டு. நேத்து நடந்ததை அதுகிட்டச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு. உம்மகிட்டச் சொல்லுதேன், நீரு நாங்குநேரியில இறங்கிப் போயிருவீரு.

நேத்துக் காலையில உலகு கொல்லையில துணி துவைச்சுக்கிட்டு இருந்தா. நான் வாசக்கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். அவன் முன்னால உக்காந்து, ‘எக்கா’ன்னேன். சும்மா, மெதுவாத்தான். அவன் பாத்தான். ஒண்ணும் சொல்லல. ரெண்டு மூணு தரம் சொல்லிப் பாத்தேன். எனக்கே நல்லா இல்ல. பஸ்ஸுல டிக்கெட் கேக்க மாதிரி இருந்துச்சு.

அவன் எப்படிக் கூப்பிடுவான்னு யோசிச்சேன். வீட்டுக்குள்ள வாயத் தொறக்காத பய, வாரப்ப மட்டும் கூப்பிடுவான். மெட்ராஸ் பஸ்ஸை விட்டு இறங்கி நேரா வருவான், தெரு முக்குலயே செருப்புச் சத்தம் கேக்கும். பைய வாசல்ல போட்டுட்டு, மூக்கால இழுத்து, கடைசியில லேசா மேல தூக்கி, ‘எக்காவ்’பான். அந்தக் கடைசியில ஒரு சிரிப்பு இருக்கும். இது எனக்கு எப்படி ஞாபகம் இருந்துச்சுன்னு தெரியல தம்பி. நான் காது குடுத்துக் கேட்டதே இல்ல.

எந்திரிச்சு நின்னேன். நின்னாத்தான் மூச்சு வருது. மூக்கால இழுத்து, கடைசியில தூக்கி, ‘எக்காவ்’ன்னேன்.

கொல்லையில வாளி உருண்ட சத்தம். ‘இந்தா வந்துட்டேன் ராசா’ன்னு ஓடி வாரா. அந்த வயசுல, வலிக்குத முழங்காலோட, கையில சோப்பு நுரை வடிய ஓடி வாரா. என்னைத் தாண்டிப் போயி கட்டில்கிட்ட மண்டி போட்டு, அவன் மூஞ்சிய ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டா. ‘கூப்பிட்டியாய்யா? என்னைய்யா வேணும்? இன்னொரு தரம் கூப்பிடு’ங்கா. அவன் கன்னமெல்லாம் சோப்பு நுரை. அவன் அவளைப் பாக்கல. என்னைப் பாக்கான், என் வாயவே பாக்கான்.

அப்பத்தான் அவளும் திரும்பிப் பாத்தா. சாத்தின ஜன்னலைப் பாத்தா. நான் வாயத் தொறந்தபடி நிக்கேன்.

அவ என்னைத் திட்டுவான்னு நெனச்சேன். அழுவான்னு நெனச்சேன். அவ அவன் கன்னத்து நுரையத் தொடச்சு விட்டா. அவன் நல்ல கைய எடுத்துத் தன் மடியில வச்சுக்கிட்டு, எனக்கு முதுகு காட்டித் தரையில உக்காந்துக்கிட்டா. அவ கண்ணை மூடிட்டான்னு நெனைக்கேன், எனக்குத் தெரியல.

‘இன்னொரு தரம் கூப்பிடுங்க’ன்னா.

கூப்பிட்டேன்.